இரண்டு போர்களுக்கு நடுவே பறந்த பயணிகள் விமானங்கள்: மியூசியத்துக்குப் போகிறவர்களுக்கான கேள்வி–பதில்

1919 முதல் 1939 வரையிலான இருபது ஆண்டுகளில் பறந்த சிவில் விமானங்களை மியூசியங்களில் பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. போர் விமானங்களைச் சேர்க்கவில்லை. காட்சிக்கூடங்களைப் பழுதுபார்ப்புக்காக அடிக்கடி மூடுவார்கள். குறிப்பிட்ட ஒரு விமானத்துக்காகவே பயணம் வைக்கிறீர்கள் என்றால் அது இப்போது பார்வைக்கு இருக்கிறதா என்று மியூசியத்தின் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் சாதனை விமானங்கள்தான் இருக்கின்றன. சாதாரணப் பயணிகள் ஏறிப்போன விமானங்கள் எங்கே?

பெரும்பாலானவை உடைத்து விற்கப்பட்டுவிட்டன. சாதனை செய்த விமானம் இறங்கிய மறுநாளே புகழ்பெற்றுவிடும். மியூசியத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கும். தினமும் தபாலும் பயணிகளும் ஏற்றிய விமானத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. தேய்ந்தால் உதிரிபாகம், போர் வந்தால் ராணுவத்துக்கு, மிஞ்சினால் காயலான் கடை.

பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42 இதற்கு நல்ல உதாரணம். நான்கு பிரிஸ்டல் ஜூபிடர் எஞ்சின்களும் ஏறக்குறைய 40 மீட்டர் அகல இறக்கையும் கொண்ட இந்த இரட்டை இறக்கை விமானம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டரில் நிதானமாகப் போகும். மொத்தம் 8 கட்டினார்கள். முதலாவதான ஹானிபால் 1940 மார்ச் 1 அன்று ஓமன் வளைகுடாப் பக்கம் காணாமல் போனது. மற்றவையும் போரின் தொடக்க ஆண்டுகளிலேயே ஒழிந்துபோயின. ஒன்றுகூட மிச்சமில்லை. ஷார்ட் எம்பயர் பறக்கும் படகுகள் (தண்ணீரில் ஏறி இறங்கும் விமானங்கள்) 42 கட்டப்பட்டன, மிச்சம் பூஜ்ஜியம். அமெரிக்க விமான நிறுவனமான பான் அமெரிக்கனுக்காக உருவான போயிங் 314 கிளிப்பர் 12, அதிலும் பூஜ்ஜியம். அயர்லாந்தின் ஃபோய்ன்ஸ் மியூசியத்தில் நிற்கும் போயிங் 314 முழு அளவு மாதிரி. அதற்குள் ஏறி நடந்து பார்க்கலாம்.

இதனால் கண்காட்சியைச் சுற்றி வருகிறவருக்கு அந்தக் காலம் முழுக்கத் தனியாளாகக் கடல் தாண்டியவர்களின் காலம் என்று தோன்றிவிடும். உண்மையான போக்குவரத்தின் தடயத்தைத் தேட வேண்டிய இடம் வேறு: எடை மேடை, பிரம்பு நாற்காலி, தபால் உறை, பழைய நிலையக் கட்டடம்.

அப்படியும் தப்பிப் பிழைத்த பயணிகள் விமானங்கள் எவை?

மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்திலும் பாரிஸை ஒட்டிய லெ பூர்ஜே மியூசியத்திலும் யுங்கர்ஸ் எஃப்.13 இருக்கிறது. 1919 ஜூன் 25 அன்று முதலில் பறந்த இது முழு உலோகத்தில் செய்த முதல் பயணிகள் விமானம். நான்கு பயணிகளுக்கு மூடிய அறை, இடுப்புப் பட்டை உண்டு. விமானிகள் இருவருக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. லெ பூர்ஜேவில் ஃபார்மன் கோலியாத்தின் உடற்பகுதி மட்டும் உள்ளது. குண்டுவீச்சு விமானமாகத் திட்டமிடப்பட்டுப் பயணிகளுக்கு மாறியது அது. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, நடுவே காற்றும் மழையும் வாங்கிக்கொண்டு விமானி.

அமெரிக்காவில் சியாட்டிலின் மியூசியம் ஆஃப் ஃப்ளைட்டில் உள்ள போயிங் 80ஏ அந்த வகையில் எஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்று. 1930 மே 15 அன்று எலன் சர்ச் என்ற நர்ஸ் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக வேலை தொடங்கியது இந்த போயிங் 80 வரிசை விமானத்தில்தான். வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் ஃபோர்டு டிரைமோட்டர், போயிங் 247-டி, டி.சி.-3 மூன்றையும் ஒரே கூடத்தில் பார்க்கலாம். நெதர்லாந்தின் லெலிஸ்டாட்டில் உள்ள ஏவியோட்ரோமுக்குப் போனால் 1928ஆம் ஆண்டு ஸ்கிபோல் நிலையக் கட்டடத்தின் மாதிரியும் உண்டு.

அசலா, மாதிரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விமானத்தின் அருகே வைத்திருக்கும் விவர அட்டையைக் கடைசி வரி வரை படியுங்கள். "மாதிரி" என்ற சொல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவெழுத்தைப் பாருங்கள், காருக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஆங்கிலேயப் பெண் விமானி ஏமி ஜான்சன் ஓட்டிய ஜேசன் என்ற விமானம் என்றால் ஜி-ஏஏஏஎச். ஆனால் பதிவெழுத்தை யாரும் பெயிண்டில் எழுதிவிடலாம். நம்பத்தக்கது தயாரிப்பு எண் பொறித்த சிறு உலோகத் தகடு. வழக்கமாக காக்பிட்டுக்குள்ளோ கதவோரமோ இருக்கும்.

நடுவே ஒரு வகை உண்டு. எஞ்சின் அசல், சட்டகத்தில் பாதி அசல், துணி மூன்று முறை மாற்றியது. இதைப் போலி என்று சொல்லக் கூடாது. பறந்த நாட்களிலேயே துணியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஓட்டினார்கள்.

விமானம் ஏன் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது?

வால் அடியில் பாருங்கள், சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செருப்பு போட்ட ஒரு கட்டை இருக்கும். அதுதான் பிரேக். அன்றைய விமானங்கள் பலவற்றில் சக்கர பிரேக்கே கிடையாது. புல் தரையில் அந்தக் கட்டை உழுதுகொண்டு போய் வேகத்தைக் குறைக்கும். லண்டனின் பிரதான நிலையமான குரோய்டன்கூடக் கடைசி வரை புல்வெளிதான். ஓடுபாதை என்று ஒரு திசை இல்லாததால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதை எதிர்த்து எந்தத் திசையிலும் இறங்கலாம். கான்கிரீட் பாதைகள் வந்ததும் இந்தக் கட்டை வழுக்க ஆரம்பித்தது. வால் சக்கரமும் பிரேக்கும் கட்டாயமாயின.

இறக்கையில் துணியா? கிழியாதா?

துணிதான், சாதாரணமாக ஐரிஷ் லினன். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிராம் எடை. லண்டன் சயின்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் உள்ள ஜேசனை எடுத்துக்கொள்ளுங்கள். டி ஹாவிலண்ட் ஜிப்சி மாத், 100 குதிரைத்திறன். 1930 மே 5 அன்று குரோய்டனில் கிளம்பி, மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கியது; சுமார் 17,700 கிலோமீட்டர். உடற்பகுதி மரச்சட்டத்தின் மேல் பிளைவுட், இறக்கை மரச்சட்டத்தின் மேல் துணி.

துணி போர்த்தும் முறை இது. லினனைத் தலையணை உறை மாதிரி தைத்து இறக்கையின் மேல் இழுத்து மாட்டுவார்கள். பிறகு நீள ஊசியால், மெழுகு தடவிய லினன் நூலை மேலிருந்து கீழாக விட்டு ஒவ்வொரு ரிப்போடும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுகளின் இடைவெளி மூன்று அங்குலம் போல. ப்ரொபெல்லரின் காற்று அறையும் பகுதியில் இன்னும் நெருக்கம். தையலுக்கு மேல் ஓரம் பல் பல்லாக வெட்டிய நாடா ஒட்டப்படும். பல் வெட்டு இருந்தால் நூல் பிரியாது. அருகில் போய்ப் பார்த்தால் ரிப் ஓரங்களில் வரிசையாகப் புடைத்திருக்கும் முடிச்சுகள் இந்த நாடாவுக்கடியில் தெரியும்.

அடுத்தது டோப். செல்லுலோஸைக் கரைத்த வார்னிஷ் போன்ற திரவம். முதல் பூச்சு துணிக்குள் ஊறும்; காயக் காயத் துணி சுருங்கிப் பறை மாதிரி விறைக்கும். நிறமற்ற பூச்சு மூன்று நான்கு, அதன்மேல் அலுமினியத் தூள் கலந்தது இரண்டு. அலுமினியம் அழகுக்காகப் போடுவது என்று நினைக்க வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் லினனைத் தின்றுவிடும், அதற்கான மறைப்பு அது. அந்தக் கால விமானங்களில் பாதி வெள்ளி நிறத்தில் இருப்பதன் காரணமும் இதுதான்.

தவறு நேரும் இடங்கள்: ஈரக்காற்றில் பூசினால் கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூச்சுக்கு வலு கிடையாது. பூச்சு அதிகமானால் துணி இழுக்கும் இழுப்பில் இறக்கையின் பின்விளிம்பு வளைந்துபோகும். வயதான டோப் வட்ட வட்டமாக வெடிக்கும். மரத்தை ஒட்டிய பால்புரதப் பசை இன்னொரு பலவீனம். ஈரத்தில் பூஞ்சை பிடித்து விட்டுப்போகும். வெப்ப நாடுகளில் மர விமானங்கள் சீக்கிரம் தளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். காட்சிக்கூடத்தில் இறக்கைமேல் வெளிச்சம் மங்கலாக விழுவதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். துணிமேல் படும் வெளிச்சத்துக்கு 50 லக்ஸ்தான் (வெளிச்சத்தின் அளவு) வழக்கமான வரம்பு.

ப்ரொபெல்லரின் நுனியில் பித்தளைத் தகடு, அதில் குட்டி ஓட்டைகள். எதற்கு?

தகடு, மழைத்துளியும் சிறு கல்லும் மரத்தைக் கொத்தாமல் இருக்க. ஓட்டைகள் தண்ணீர் வெளியேற. மரத்துக்குள் புகுந்த ஈரம் சுழற்சியில் நுனிக்கு வந்து சேரும். வழி இல்லாவிட்டால் தகட்டுக்கடியில் தேங்கி அழுகும், ஒரு பக்க எடையும் கூடிவிடும். எடை சமமில்லாத ப்ரொபெல்லர் எஞ்சினையே உலுக்கிக் கழற்றிவிடும். நிறுத்தி வைக்கும்போது அதைப் படுக்கைவாட்டில் திருப்பி வைப்பதும் ஈரம் ஒரு நுனிக்கு இறங்காமல் இருக்கத்தான்.

பழைய பொருள் கடையில் ப்ரொபெல்லர் வாங்குகிறவர்கள் நடுமையத்தைப் பார்க்கவும். வரைபட எண், எஞ்சின் பெயர், விட்டம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஆகியவை மரத்தில் அழுத்தி முத்திரையிடப்பட்டிருக்கும். அலங்காரத்துக்குச் செய்தவற்றில் பலகை அடுக்குகளே இருக்காது, ஒரே கட்டையில் கடைந்திருப்பார்கள்.

"ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்" விமானத்துக்கு முன்கண்ணாடியே இல்லையே?

இல்லை. விமானி உட்காரும் இடத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே பிரதான பெட்ரோல் தொட்டி. பின்னால் வைத்திருந்தால், விழும்போது எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவில் அதைத் தனியாக ஓட்டிய லிண்ட்பர்க் நசுங்கியிருப்பார். பெட்ரோல் குறையக் குறைய எடைச் சமநிலையும் கெட்டிருக்கும். முன்பக்கம் பார்க்க ஒரு சிறு பெரிஸ்கோப். மற்றபடி பக்கவாட்டு ஜன்னல்.

கணக்கைப் பார்த்தால் அது பறக்கும் பெட்ரோல் தொட்டி என்று புரியும். கிளம்பும்போது மொத்த எடை ஏறத்தாழ 2,380 கிலோ. அதில் பெட்ரோல் சுமார் 1,700 லிட்டர், அதாவது 1,200 கிலோவுக்கு மேல். ரேடியோவும் பாராசூட்டும் எடை என்று விட்டுவிட்டார், நாற்காலி பிரம்பு. 1927 மே 20–21இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை முப்பத்துமூன்றரை மணி நேரம். மூக்குத் தகடுகளில் தெரியும் பொன்னிறத்தைப் பலர் படம் எடுக்கிறார்கள். அது பறந்த நாளில் இல்லை. பாதுகாக்கிறோம் என்று மியூசியத்தில் பூசிய வார்னிஷ் வயதாகி மஞ்சளானது.

யுங்கர்ஸ், ஃபோர்டு விமானங்களின் உடம்பு தகரக் கொட்டகை மாதிரி நெளிநெளியாக இருக்கிறதே?

கொட்டகைக்கு நெளிதகரம் போடும் அதே காரணம்: மெல்லிய தகடு நெளிந்தால் விறைக்கும். உள்ளே சட்டங்களைக் குறைக்கலாம். விலை என்னவென்றால், காற்று எப்போதும் நெளிவின் வாட்டத்திலேயே ஓடுவதில்லை. குறுக்கே உரசும்போது இழுவை கூடி வேகம் குறைகிறது. 1933இல் வந்த போயிங் 247 வழவழப்பான தகட்டையே பாரம் தாங்க வைத்து, சக்கரங்களையும் உள்ளிழுத்துக்கொண்டது. பயணிகள் 10 பேர். ஆனால் இறக்கையின் முதுகெலும்பு அறைக்குள் குறுக்கே ஓடியது. நடந்துபோகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் 60 விமானங்களையும் யுனைடெட் விமான நிறுவனம் எடுத்துக்கொண்டதால், அதன் போட்டியாளரான டி.டபிள்யூ.ஏ. விமானம் கட்டும் டக்ளஸ் நிறுவனத்தை அணுகியது. அப்படிப் பிறந்த வரிசையில் மூன்றாவதுதான் 1935 டிசம்பர் 17 அன்று பறந்த டி.சி.-3. இருக்கை 21.

பழைய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள் என்பது நிஜமா?

நிஜம், ஆனால் எல்லா எஞ்சினுக்கும் இல்லை. ரோட்டரி எஞ்சினில் சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து சுழலும். பெட்ரோல் கலவை எஞ்சினின் வயிற்றுப் பகுதி வழியாகவே போவதால், சாதாரண மினரல் ஆயிலைப் பெட்ரோல் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. எரியாத எண்ணெய் புகையோடு சேர்ந்து விமானியின் முகத்தில் தெறிக்கும். விளக்கெண்ணெய் உள்ளே போனால் வயிறு என்ன பாடுபடும் என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆவ்ரோ 504கே ரக விமானங்களில் இதைப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் முதல் 504கே விமானத்தில் இருந்தது நீரால் குளிரும் சன்பீம் டயாக் எஞ்சின், ரோட்டரி அல்ல. லாங்ரீச்சில் உள்ள குவாண்டாஸ் நிறுவனர்கள் மியூசியத்துக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்.

பயணிகளையே எடை போட்டார்களாமே?

ஆமாம், பெட்டியோடு சேர்த்து. விமானம் தூக்கும் எடையில் பெட்ரோல் போக மிச்சம்தான் ஆளும் தபாலும். பிரம்பு நாற்காலிக்கும் இதுவே காரணம். எஞ்சின் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

ரேடார் இல்லாமல் வழி எப்படித் தெரிந்தது?

கீழே பார்த்து. சாலை, ரயில் தண்டவாளம், ஆறு. இதன் ஆபத்து 1922 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்டது. லண்டன்–பாரிஸ் தடத்தில் எதிரெதிராக வந்த டி.எச்.18 விமானமும் ஃபார்மன் கோலியாத்தும் மூடுபனியில் பிரான்சின் பிக்கார்டி பகுதியில் மோதின. 7 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் இரண்டு வானில் மோதியது அதுவே முதல்முறை. இரு விமானிகளும் ஒரே சாலையைப் பிடித்து வந்ததுதான் சிக்கல். வழித்தடத்தை வலப்புறமாக ஒதுங்கிப் பின்பற்ற வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது.

குரோய்டனின் பழைய நிலையக் கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி இப்போது மியூசியம். ரேடியோ அறையின் வேலையை அங்கே புரிந்துகொள்ளலாம். விமானி பேசும்போது குரோய்டனும் வேறு இரு நிலையங்களும் அலை வரும் திசையை அளக்கும். மூன்று கோடுகள் வரைபடத்தில் வெட்டும் இடத்தில் விமானம். "மேடே" என்ற அபாயக் குரலும் இங்கே பிறந்ததுதான். 1923இல் குரோய்டன் ரேடியோ அதிகாரி மாக்ஃபோர்டு, "எனக்கு உதவுங்கள்" என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் ஓசையை வைத்து அதை உருவாக்கினார்.

அமெரிக்கத் தபால் விமானிகளுக்கு வேறு ஏற்பாடு: சுமார் 16 கிலோமீட்டருக்கு ஒரு சுழல்விளக்குக் கோபுரம், அடியில் அடுத்த விளக்கின் திசையைக் காட்டும் கான்கிரீட் அம்பு. நியூ மெக்சிகோவின் கிராண்ட்ஸ் ஊரில் இவற்றுக்கென்றே ஒரு மியூசியம் உண்டு.

லண்டனிலிருந்து கராச்சிக்கு ஏழு நாளா? விமானம்தானே?

1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கிய அந்தப் பயணத்தில் இடையிடையே ரயில். குரோய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம், ஜெனோவா வரை ரயில், அங்கிருந்து அலெக்சாண்டிரியா வரை பறக்கும் படகு, கெய்ரோவுக்கு மறுபடி ரயில், அதன்பின் டி.எச்.66 ஹெர்குலிஸ் விமானம். கட்டணம் 130 பவுண்டு. இரவில் பறக்காததால் ஒவ்வொரு மாலையும் எங்காவது இறங்கித் தூங்க வேண்டும்.

அந்தத் தூங்குமிடங்களில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்களுக்கு எட்டும் தூரத்தில், சார்ஜாவின் அல் மஹத்தா மியூசியம். பாரசீகம் தன் கரையோரத் தடத்துக்கு அனுமதியை நீட்டிக்காததால் 1932இல் தடம் அரபுக் கரைக்கு மாறியது. கோட்டை போலக் கட்டிய விடுதியும் இறங்குதளமும் வந்தன. அக்டோபர் 5 அன்று முதலில் வந்திறங்கியது மேலே சொன்ன எச்.பி.42 ஹானிபால். அன்றைய ஓடுதளத்தின் மேல்தான் இன்றைய கிங் அப்துல் அஜீஸ் தெரு போகிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதாது, இரண்டு மணி நேரம் வையுங்கள்.

சென்னைக்கும் இலங்கைக்கும் இதில் என்ன பங்கு?

கராச்சியில் வந்து இறங்கிய லண்டன் தபால் தெற்கே வர ரயிலை நம்பியிருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா 55 பவுண்டு தபாலோடு கராச்சியில் கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து இன்னொரு விமானியான நெவில் வின்சென்ட் பல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் டி ஹாவிலண்ட் புஸ் மாத் விமானங்கள். ஒற்றை எஞ்சின், 120 குதிரைத்திறன், மூடிய அறை. மழைக்காலத்தில் ஜுஹு சேறாகிவிடும் என்பதால் அந்த மாதங்களில் புனாவிலிருந்து பறந்தார்கள்.

கொழும்பை அடுத்த ரத்மலானையில் 1935 நவம்பர் 27 அன்று முதலில் இறங்கியதும் ஒரு புஸ் மாத்தான். ஓட்டிவந்தவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ.

இந்திய விமானங்களின் "விடி" என்ற முன்னெழுத்து "வைஸ்ராய் டெரிட்டரி" என்பதன் சுருக்கம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. அப்படி இல்லை. "வி" வரிசை பிரிட்டிஷ் பேரரசின் பல பகுதிகளுக்கும் பகிர்ந்து தரப்பட்டது: ஆஸ்திரேலியாவுக்கு விஎச், இலங்கைக்கு விபி-சி. இந்தியாவுக்கு விழுந்தது விடி.

அந்தக் காலத் தபால் உறை வாங்கலாமா?

முன்பக்கச் சிறப்பு முத்திரையில் மயங்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்ந்த ஊரின் தேதி முத்திரை, விமான நேரத்தோடு பொருந்த வேண்டும். 1929இல் இந்தியா வெளியிட்ட ஆறு விமானத் தபால்தலைகளில் இருக்கும் விமானம் டி.எச்.66 ஹெர்குலிஸ். அசல் விமானம் ஒன்றும் மிஞ்சாத நிலையில், அதன் உருவம் பலர் கைக்கு எட்டுவது இந்தத் தபால்தலையில்தான்.

பழைய காக்பிட் மீட்டர் ஒன்று கிடைத்தது. இருட்டில் ஒளிரவில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. மீட்டரின் எழுத்துகளுக்குப் பூசிய பெயிண்டில் ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிர்வது துத்தநாக சல்பைடு; தீர்ந்தது அதுதான். ரேடியம்-226இன் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். மீட்டர் இன்றும் ஏறக்குறைய அன்றிருந்த அளவுக்கே கதிர் வீசுகிறது. கண்ணாடியைக் கழற்றவோ எழுத்துகளைச் சுரண்டவோ வேண்டாம். உதிரும் தூள் மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தால் ஊதாமல், துடைப்பம் போடாமல், ஈரத்துணியால் எடுத்து, காற்றுப் புகாத பையில் துணியோடு சேர்த்துக் கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரேடான் வாயு கசியும் என்பதால் படுக்கையறையிலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. மியூசியங்கள் இத்தகைய மீட்டர்கள் உள்ள பெட்டிகளுக்குக் காற்றோட்டம் வைப்பதும், காக்பிட்டுக்குள் பார்வையாளர்களை ஏறவிடாததும் பல இடங்களில் இதனால்தான்.